மூலையில் ஒரு அம்புக்குறி

பால் பொங்கியாயிற்று, சூடம் காட்டியாயிற்று, முதல் வியாபாரத்துக்கு ஆளும் வந்தாயிற்று. பனவடலிசத்திரத்துப் பெரியவர் ஒருவர் புகைந்துபோன மோட்டாரின் உதிரிச் சாமான் ஒன்றைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, புதுக் கடையின் புதுக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஆனந்தகுமார் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் பில் போடுகிற படத்தை இரண்டு தட்டுத் தட்டினான். பில் வரவில்லை. ஒரு பெட்டி வந்து நின்று, இது காட்டுகிற பொருளைக் காணோம் என்று இங்கிலீஷில் சொன்னது. பக்கத்துப் படத்தைத் தட்டினான். அதுவும் அதையே சொன்னது. சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் விவரம், எதைத் தட்டினாலும் ஒரே பாட்டு.

"மதினி, இங்கன கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டான்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்த யோகலட்சுமி தட்டோடு வந்தாள். அவள் ஆனந்தகுமாரின் அண்ணன் பெண்டாட்டி. பழைய கடையில் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் அவள் ராஜ்ஜியம்தான். திரையைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. புதுப் பெட்டி வாங்குகிறேன் என்று எவனிடமோ ஏமாந்திருக்கிறான் பிள்ளை என்று நினைத்தாள்.

கோயிலில் சிவனும் பெருமாளும் ஒரே உடம்பில் ஆளுக்குப் பாதியாக நின்று காலம் தள்ளுகிற ஊர் இது. இங்கே பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பி இரண்டு பேரால் ஒரு கல்லாவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. யார் முதலில் முகத்தைத் தூக்கினார்கள் என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் இரண்டு கதை சொல்வார்கள். பம்புசெட் சாமான் கடை. சரக்கைப் பிரித்தார்கள், இரும்பு அலமாரிகளைப் பிரித்தார்கள், சண்டை இல்லாமல் முடிந்தது. கடைசியில் கம்ப்யூட்டரில் வந்து நின்றது. சிவகிரி, ராயகிரி வரைக்கும் யார் கிணற்றில் என்ன மோட்டார், எத்தனை அடியில் இறக்கியிருக்கிறது, எப்போது கம்பி மாற்றிக் காயில் கட்டியது, எல்லாம் அதற்குள்தான் இருந்தது. அது இல்லாமல் புதுக் கடை போடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். தம்பிக்கும் ஒரு காப்பி கொடுத்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்தார்கள். யோகலட்சுமியின் புருஷன் ராஜதுரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "குடுத்துரு" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அவளும் மனசாரத்தான் கொடுத்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்தபோது ஆனந்தகுமார் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பையன். அவனுக்குக் குறை வைப்பாளா? புதுப் பெண்டிரைவ் வாங்கினாள். திரையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக இழுத்து அதில் போட்டாள். அவளுக்கு எல்லாமே கண்முன்னால் இருக்கவேண்டும். உள்ளே போய்த் தேடுவது பிடிக்காது. மவுஸின் வலது பக்கம் அமுக்கி, வருகிற பட்டியலில் ஒன்றைத் தட்டினால் எதையும் டெஸ்க்டாப்பில் கொண்டுவந்து வைக்கலாம் என்று அவளே கண்டுபிடித்து, அந்தப் பெருமையைக் கல்யாண வீடு, சடங்கு வீடு ஒன்று விடாமல் சொல்லி முடித்திருந்தாள். ஆறு வருஷத்துக் கணக்கும் கண் மூடித் திறப்பதற்குள் பெண்டிரைவில் ஏறிவிட்டது. உருவி எடுத்தபோது அது சில்லென்று இருந்தது. நல்ல கம்பெனி சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகத்துக்குத் திரும்பவும் செருகித் தட்டிப் பார்த்தாள். எல்லாம் ஜம்மென்று திறந்தன.

அப்படிக் கொடுத்ததுதான் இப்போது இங்கே வந்து பல்லைக் காட்டுகிறது.

"யக்கா, குடுக்க முந்தி ஒருக்கா தொறந்து பாத்தியளா?" என்று கேட்டாள் ஆனந்தகுமாரின் மனைவி சுகிர்தா. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவள் கைகாரி.

"தொறந்து பாக்காம குடுப்பனா? அங்கன தொறந்துச்சு. இங்கன தொறக்கலன்னா ஒங்க பெட்டியில கோளாறு."

"அங்கன தொறக்கத்தான செய்யும்" என்றாள் சுகிர்தா.

யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் ப்ரோக்ராமை எழுதிக்கொடுத்த சேக் மைதீனை அங்கேயே போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் படத்துக்கு மூலையில குட்டியா ஒரு அம்புக்குறி இருக்காக்கா?" என்றான்.

இருந்தது. ஆறு வருஷமாக இருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

"அது ப்ரோக்ராம் இல்லக்கா, ப்ரோக்ராம் இருக்க எடத்தக் காட்டுதது. தேரடி முக்குல ஒங்க கடைக்கு அம்புக்குறி போட்டு ஒரு போர்டு வச்சிருக்கியள்லா? அதக் கழத்தி ராஜபாளையம் ரோட்டுல மாட்டுனா கடை அங்கன வந்துருமா? டி டிரைவுல கடை பேருல ஒரு போல்டர் கெடக்கும். அத முழுசாக் காப்பி பண்ணிக் குடுங்க. நேரமாகும், பாத்துக்கிடுங்க."

பனவடலிப் பெரியவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். ஆனந்தகுமார் சிரிக்கவில்லை.

"ஆறு வருசமா அதுலயேதான் உக்காந்திருக்கிய மதினி" என்றான் மெதுவாக. "ஒங்களுக்கா தெரியாது?"

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், தீர்ந்துபோயிருக்கும். அந்த மெதுவான குரல்தான் தாங்க முடியவில்லை. அவள் அடித்த பீற்றல் எல்லாம் இப்போது அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்து நின்றது. தெரிந்து செய்தேன் என்றால் கள்ளி. தெரியாமல் செய்தேன் என்றால் இத்தனை வருஷமும் வெறும் வாயை மென்றவள். பொம்பளைக்கு இந்த ஊரில் வேறு நாற்காலியே போட மாட்டார்களா? தட்டை மேசைமேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியாது தம்பி. கோமதியம்மன் சத்தியமாத் தெரியாது. ஒங்க மதினி ஒரு கூறுகெட்டவ, போதுமா?"

"நீங்களா கூறுகெட்டவ?" என்று ஆனந்தகுமார் அரைச் சிரிப்புச் சிரித்தான். நம்பவில்லை என்று அந்தப் பாதிச் சிரிப்பே சொன்னது.

அவன் பெரியவரிடம் மோட்டார் விவரம் கேட்டான். அவருக்கு எத்தனை அடி, எத்தனை குதிரைச் சக்தி என்று ஒன்றும் தெரியவில்லை. "ஒங்க கம்ப்யூட்டருல இருக்கும்லா?" என்றார். பிறகு சாமானைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு, "பழைய கடையிலயே கேட்டுக்கிடுதேன் மக்கா" என்று படி இறங்கினார். புதுக் கடையின் முதல் வியாபாரம் அப்படித்தான் முடிந்தது. சுகிர்தா தலை நிமிராமல் பால் டம்ளர்களைப் பொறுக்கினாள்.

வாசல் பந்தலில் கோர்ட்டு வாசலில் நிற்கிற கட்சிக்காரர் மாதிரிக் கைகட்டி நின்றுகொண்டிருந்த ராஜதுரை ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். யோகலட்சுமி பின்னால் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"ஏட்டி, நல்ல வேலை பாத்த" என்றார். "பாசத்துல எல்லாத்தயும் அள்ளிக் குடுத்துருவன்னு நெனச்சேன். எனக்குத் தூக்கமே இல்ல, கேட்டியா? படத்த மட்டும் குடுத்து அனுப்பணும்னு எப்படித் தோணுச்சு ஒனக்கு?"

கொழுந்தன் தப்பாக நினைத்தான், சரி, அடிபட்டவன் நினைப்பான். இருபது வருஷம் கூடப் படுத்தெழுந்த மனுஷனும் அதையேதான் நினைத்திருக்கிறார், அதற்குப் பாராட்டு வேறு.

"வண்டிய நிப்பாட்டுங்க."

"ஏன், என்ன?"

"நிப்பாட்டுங்கங்கேன்லா!"

மீதித் தூரத்தை அந்தப் பட்டுச்சேலையோடு வெயிலில் நடந்தே வந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது பனவடலிப் பெரியவர் பழைய கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, புதுக் கடையிலிருந்து கிளம்பும்போது உருவிக் கைப்பைக்குள் போட்டிருந்த பெண்டிரைவைச் செருகினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளே போய்த் தேடினாள். டி டிரைவ், கடை பேரில் ஒரு போல்டர். அதில் அம்புக்குறி கிடையாது. காப்பி போட்டாள். பச்சைக் கோடு மூட்டைப்பூச்சி ஊர்வதுபோல் கிளம்பியது.

"எந்திரி, அண்ணாச்சிக்கு மோட்டார் விவரம் பாக்கணும்" என்றார் ராஜதுரை.

"காப்பி ஓடுது."

அவர் திரையைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "அத நிப்பாட்டு. வியாவாரம் வந்து உக்காந்திருக்கு, தெரியலையா?"

"முடியட்டும்."

"எப்ப முடியும்?"

அவள் திரையை விரலால் காட்டினாள். அதில் வந்த பெட்டி முதலில் அரைமணி நேரம் என்றது, பிறகு ரெண்டு மணி நேரம் என்றது. அதற்கே தெரியவில்லை. ராஜதுரையின் கண் திரையிலிருந்து இறங்கி, வயர் போன வழியே போய், சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையில் நின்றது. யோகலட்சுமி அதைப் பார்த்தாள். எழுந்து நாற்காலியை இழுத்து, பலகைக்கு முதுகை முட்டுக்கொடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர் சோடா பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோடு கால்வாசி வந்திருந்தது. அவள் கையை நீட்டிப் பெண்டிரைவின்மேல் வைத்தாள். அது சூடேறிக்கொண்டிருந்தது.