நாளைக்குக் குடிபோன மாப்பிள்ளை

மருந்துக்கடைக்காரரின் மாப்பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில், நாளைக்குக் குடிபோனார். ‘நாளையை இன்றே அணியுங்கள்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய மின்கண்ணாடியைக் கண்களில் மாட்டியதும் கூடத்து நாற்காலி காலியாயிற்று. குரல் மட்டும், பக்கத்து அறையில் பேசுவதுபோல், அதிலிருந்து கேட்டது: “ரெண்டே வருஷம், மாமா! இது இல்லாத மூஞ்சியே உலகத்துல இருக்காது.”

அந்த வாக்கை நம்பித் தெருவே வாங்கியது. வங்கி மேலாளர் போனார். பல் மருத்துவர், நோயாளியின் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார். ஆனால் எதிர்காலம் மூக்குத்தண்டை அழுத்தியது, நெற்றியை வியர்க்கவைத்தது. போதாததற்கு, இன்று பரிமாறிய சோறு நாளையில் இருப்பவருக்கு மறுநாள்தான், ஊசிப்போய், போய்ச் சேர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றி, ஒன்றுமே நடவாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குத் திரும்பினர். கண்ணாடியை விற்ற நிறுவனம், பேசும் மோதிரத்துக்கு மாறியது. அதை வாங்கவும் அதே தெரு வரிசையில் நின்றது. கண்ணாடி வந்த அட்டைப்பெட்டி மட்டும் உறுதியானது. பொத்தானும் சாவியும் போட்டுவைக்க இன்றும் எல்லா வீடுகளிலும் புழங்குகிறது. அந்நிறுவனம் மனித குலத்துக்கு அளித்த நிலையான கொடை அதுவே.

மாப்பிள்ளை மட்டும் திரும்பவில்லை. கழற்றினால், சொன்ன சொல் பொய்யாகிவிடும். “மச்சான், நாளைக்காவது உங்களுக்குப் புத்தி வருதான்னு பாத்துச் சொல்லுங்க” என்று மைத்துனன் நாற்காலியிடம் விசாரிப்பான். மனைவி அந்தக் கேலியில் சேர்வதில்லை. குழந்தைக்குத் தகப்பன் முகம் தெரிய வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான். ஒரு மாலை, குழந்தை சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியை நோக்கி நடந்தது.

“என்னங்க, அந்தக் கருமத்தக் கழட்டிட்டு வாங்க! பாப்பா நடக்கிறா!”

“பாப்பாவா? அவதான் நேத்தே நடந்துட்டாளே.”

“நீங்க பாத்தீங்களா?”

குழந்தை நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு மனைவி அவரை அழைக்கவில்லை.

அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அப்பா எங்கே என்று கேட்டால், வேலைக்குப் போனவரைச் சொல்வதுபோல், “நாளைல இருக்காரு” என்பாள். தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு நாற்காலியருகே மூடி வைப்பாள். மறுநாள் புளித்த வாடை எழும். மெல்லும் ஓசை கேட்கும். காலித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்புவாள்.