நாற்பது நாள் காப்பி

ஐம்பத்தாறாம் வருஷத் தவக்காலத்தில் காப்பி குடிப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் மரியசெல்வம் நேர்ந்துகொண்டார். நாற்பது நாளும் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். குடிப்பதைத்தான் விட்டார், வறுப்பதை விடவில்லை. எங்கள் ஊர் தங்கச்சிமடமே மணக்கும்படி தினமும் ஒரு பக்குவத்தில் கொட்டையை வறுத்து, அரைத்து, காப்பி போட்டு என்னிடம் நீட்டினார்.

“குடிச்சுப் பாத்துச் சொல்லு. நேத்தைவிட இன்னைக்குக் கசப்பு கூடுதலா?”

“கூடுதல்தான்.”

“எம்புட்டுக் கூடுதல்?”

பெரிய வெள்ளியன்று நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி நோன்பு இருந்தேன். அன்றைக்கும் தம்ளர் வந்தது.

“முழுங்க வேணாம். கொப்பளிச்சுத் துப்பிட்டுச் சொல்லு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சத்தமாகவே நேர்ந்துகொண்டேன்.

“தாயே, வாற தவக்காலம் நாப்பது நாளும் நான் இந்த மனுசனை விட்டுர்றேன்!”