ஐந்தாவது சனிக்கிழமை வாழைப்பழம்

1

போன ஞாயிறு புக்கிட் தீமா உச்சியில் ஒரு குரங்கு என் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பதிலுக்கு நான் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நஷ்டம் யாருக்கு என்பதை நீங்களே சொல்லுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'சிங்கப்பூரின் மிக உயரமான இந்தக் குன்று 1951இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக...'

வேண்டாம், பாடப்புத்தக வாடை. (ஆனாலும் ஒன்று. மலாயில் தீமா என்றால் தகரம். அங்கே இருப்பதோ கருங்கல். அந்தக் காலத்தில் பக்கத்துக் கல்குவாரியில் பாறைக்கு வைக்கும் வேட்டுச் சத்தத்துக்கு நடுவே ஜனங்கள் கட்டுச்சோற்றோடு உல்லாசமாக மலையேறினார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'செல்லக்கண்ணு ஒரு பயந்தாங்கொள்ளி.' இதுவும் அநியாயம். அவருக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

3

1958. செல்லக்கண்ணு காப்பகத்தின் காவலாளி. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வது அவர் வேலை. காவலாளியே போட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். (இப்படி ஒரு விதி அன்று இருந்ததா? தெரியாது. கதைக்குத் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டேன்.)

சிக்கல் வீட்டில். மகள் கண்மணிக்குக் கடும் காய்ச்சல் கண்டபோது மனைவி தங்கம் ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டாள்: ஐந்து சனிக்கிழமை, குரங்குகளுக்கு வாழைப்பழம், அப்பன் கையால். காய்ச்சல் இறங்கிவிட்டது. நான்கு சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் முடிந்தன. ஐந்தாவதன்று பார்த்து மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு வருகிறார்.

"துரை வர்றாருலா தங்கம். அடுத்த வாரம் குடுத்துக்கலாம்."

"காய்ச்சல எறக்குனது துரையா? ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், பாத்துக்குங்க."

தேக்கா சந்தையில் வாங்கிய சீப்பு அவருடைய காக்கித் தோள்பைக்குள் போனது.

4

உச்சியில் துரைசானி ஒரு குரங்கிடம் பிஸ்கட்டை நீட்டினாள். செல்லக்கண்ணு கும்பிடு போட்டு, தெரிந்த மலாயில் தடுத்தார். தோள்பையில் பழத்தை வைத்துக்கொண்டு புத்தி சொல்வது அவருக்கே கூச்சமாக இருந்தது.

குரங்குகள் பிஸ்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டமாக வந்து செல்லக்கண்ணுவின் காலடியில் உட்கார்ந்தன. நான்கு வாரப் பழக்கம்.

"உன்னிடம் மட்டும் ஏன் வருகின்றன?" என்று துரை மலாயில் கேட்டார்.

5

முடிவு ஒன்று: துரை சிரித்துவிடுகிறார். (சினிமா.)

முடிவு இரண்டு: வேலை போகிறது. எழுதிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: செல்லக்கண்ணு பையைத் திறக்கிறார், ஆனால்

இல்லை. பாவம், அந்த மனிதரை மாட்டிவிட்டதே நான்தான். இறக்கிவிட எனக்குத் தைரியமில்லை, பேனாவை நீங்கள் பிடியுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழம் கொடுத்தாயிற்று என்று அவர் வந்து சொல்லும்வரை தங்கம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மணி மூன்றாகிறது. கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள்.