பனை நின்ற இடம்

கமலாம்பாள் கொண்டுவந்து வைத்த காலா மீன் முறத்துக்குள் அடங்காமல் வாலை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. நீலாயதாட்சி அதைத் தொடவில்லை.

"எடுத்து உள்ள வைங்கக்கா. காக்கா கொத்திடப்போவுது."

"எங்களுக்கு எதுக்கு இம்மாம் பெரிய மீனு? இருக்கிறது ரெண்டு பேரு. நேத்து வந்த காரப்பொடி மீனே கொழம்புச் சட்டியில மிச்சம் கெடக்கு."

"இது ஒங்களுக்குன்னே எடுத்து வைக்கச் சொன்னாங்கக்கா."

சொன்னது கமலாம்பாளின் புருஷன் மாரிக்கண்ணு. நீலாயதாட்சியின் புருஷன் செல்லையனுக்குக் கூடப்பிறந்த தம்பி. அரசலாறு கடலில் விழுகிற இடத்துக்கு வடக்கே, மணல்மேட்டின்மேல் அண்ணன் தம்பி வீடுகள் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு முள்வேலி. நீலாயதாட்சி வாழ வந்து வெகு காலமாகிவிட்டது. கமலாம்பாள் போன ஆவணியில்தான் வந்தாள்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறுவருஷத்து மார்கழி அது. கார்த்திகையில் அடித்த புயலில் ஆற்றுவெள்ளம் வயல் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கடலில் கொட்டியிருந்தது. கரையோரம் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கலங்கிக் கிடந்தது. அந்தக் கலங்கலில் வலை விட்டால் காரப்பொடி, கவலை என்று பொடிமீன்தான் ஏறும். நல்ல மீனெல்லாம் கலங்கலைத் தாண்டி, தண்ணீர் தெளிந்து குளிர்ந்து கிடக்கிற இடத்துக்குப் போய்விடும். அங்கே போவதற்கு வாடைக்காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடவேண்டும். போனாலும் எங்கே என்று தேடுவது? விடிந்து வெகுநேரம் வரைக்கும் பனி இறங்கிக் கரை தெரியாது. அதனால் ஊரில் பாதிப்பேர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு கரையிலேயே இருந்தார்கள். செல்லையன் கலங்கல் ஓரத்தோடு திரும்பிவிடுவான். மாரிக்கண்ணு மட்டும் தினமும் காலாவும் கிழங்கானுமாகக் கொண்டுவந்தான்.

மீன் வாங்க சைக்கிளில் வருகிற அப்துல் லத்தீப் நேற்று நீலாயதாட்சியின் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பொடியாவே இருக்கு? பக்கத்து வூட்டுக் கூடையைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கு. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே ரெண்டு பேரும்?" என்று சிரித்தார். அவர் சிரித்தது ராத்திரி முழுக்க அவள் காதில் இருந்தது.

இப்போது கமலாம்பாள் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல சேதி சொல்பவள்போல் சொன்னாள்.

"ஒங்க பனைதான்க்கா எங்களுக்குப் படியளக்குது."

"எந்தப் பனை?"

"இந்தா, ஒங்க கொல்லையில நிக்குதே. கலங்கலைத் தாண்டினா அடியில ஒரு பார் இருக்காம், கல்லுப் பார். அங்கதான் மீன் அடையுதாம். மாதா கோயில் கோபுரக் கூரு ஒங்க பனந்தலைக்கு வடக்கால ஒரு முழம் தள்ளித் தெரியணுமாம். தெக்க, நாகூர் பெரிய மினாரா தென்னந்தோப்பு முடியிற எடத்துல நிக்கணுமாம். ரெண்டும் கூடிவந்தா அந்தப் பார்மேல நிக்கிறோம்னு அர்த்தமாம். பனியில மொதல்ல தலை காட்டுறது ஒங்க பனைதானாம்க்கா. அதான், மொதல் மீன் அண்ணிக்குன்னு..."

நீலாயதாட்சி முறத்தையே பார்த்தபடி இருந்தாள்.

அந்தப் பனை அவளுடையது. கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக்கொடுத்த மனையில் நின்ற ஆண்பனை. காய் கிடையாது. ஓலை வெட்டுவதைத் தவிர அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. அது இன்னொருத்தி வீட்டுக்கு மீன் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கடலில் பார்த்துவைத்த அடையாளத்தைக் கரையில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் மீன் இடம் மாறிவிடும் என்பது அந்த ஊர் ஆண்களின் நம்பிக்கை. அண்ணன் தம்பிக்குச் சொல்வதானாலும் கடலில் வைத்துத்தான் சொல்வான். பெண்டாட்டிக்குச் சொல்கிற பேச்சே கிடையாது. செல்லையனிடம் அவள் வந்த புதிதில், "எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "கெழக்க" என்றான். கடலுக்குப் போகிறவன் மேற்கேயா போவான்? அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அது எல்லா வீட்டு வழக்கமும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாரிக்கண்ணு சொல்லியிருக்கிறான். ஆவணியில் வந்தவளுக்கு, கூரும் மினாராவும் முழக்கணக்கும் எல்லாம் சொல்லியிருக்கிறான். எப்போது சொல்லியிருப்பான்? சாப்பிடும்போதா, தலை துவட்டும்போதா? அவன் சொல்லச் சொல்ல இவள் உம் கொட்டிக்கொண்டு இருந்திருப்பாள். நீலாயதாட்சிக்கு நெஞ்சுக்குள் எரிந்தது.

"சரி, வச்சிட்டுப் போ" என்றாள்.

கமலாம்பாள் போனதும் மீனை எடுத்துப் பூனைக்குப் போட நினைத்தாள். நல்ல மீன். மனம் வரவில்லை. குழம்பு வைத்தாள். செல்லையன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். அது இன்னும் எரிந்தது.

அன்று மாலையே பக்கத்து ஊரான வரிச்சிக்குடிக்கு ஆள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே வாடை கிளம்பிவிட்டது. செல்லையன் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மணல்மேட்டில் குந்தியிருந்தான். இருட்டில் கடல் தெரியவில்லை, இரைச்சல்தான் கேட்டது.

"இன்னிக்கு வேணாம். ஆத்துவாய் கொதிக்குது. எவனும் கட்டுமரம் தள்ளல."

"ஒங்க தம்பி தள்ளிட்டாரு" என்றாள் நீலாயதாட்சி.

செல்லையன் திரும்பிப் பார்த்தான்.

"அவருக்கு மட்டும் கடல் வேற, ஒங்களுக்கு வேறயா? நீங்க குந்தியிருங்க. மதியம் அவ ஒரு மீனு கொண்டாந்து குடுப்பா. வாங்கித் திம்போம்."

அவன் போர்வையை உதறி அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனான். கட்டுமரம் மணலில் உரசி இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அலைச் சத்தம்தான்.

விடிந்ததும் வரிச்சிக்குடியிலிருந்து மரம் வெட்டுகிற காத்தான் கோடாலியும் கயிறுமாக வந்தான். பனி அப்போது வேலிக்கு அந்தப்பக்கம் ஒன்றும் தெரியாதபடி இறங்கியிருந்தது. காத்தான் பனையைத் தட்டிப் பார்த்தான். அண்ணாந்தான்.

"நல்லா வைரம் பாஞ்ச மரம் தாயி. வெட்ட மனசு வருதா ஒங்களுக்கு?"

"புயல்ல சாஞ்சிருக்கு பாரு. வூட்டுமேல விழுந்தா நீயா வந்து தூக்குவே? கூரைக்கும் சட்டம் வேணும்."

"சாஞ்சது தெக்க, ஆத்துப் பக்கமால்ல இருக்கு."

"வெட்டுன்னா வெட்டு."

"வூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டீங்களா?"

"எங்கப்பா குடுத்த மரம். நான் யாருகிட்ட கேக்கணும்?"

காத்தான் கோடாலியை ஓங்கினான். கோடாலி விழுகிற ஒவ்வொரு தடவையும் வேலிக்கு அந்தப்பக்கம் கமலாம்பாள் எட்டிப் பார்ப்பாள் என்று நீலாயதாட்சி எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். கமலாம்பாளோ நேற்றைய மிச்ச மீனை விற்கச் சந்தைக்குப் போயிருந்தாள். பனை மெதுவாக முறுக்கிக்கொண்டு சாய்ந்து, மணலில் விழுந்தபோது தரை ஒருமுறை அதிர்ந்தது. ஓலையிலிருந்த பனிநீர் அவள் முகத்தில் தெறித்தது.

அண்ணாந்து பார்த்தாள். பனை இருந்த இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. மாரிக்கண்ணு நாளைக்குக் கடலில் மாட்டைத் தொலைத்தவன்போல் சுற்றிச் சுற்றி வருவான் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை யாரிடமும் காட்ட முடியவில்லை.

தலையைத் துண்டித்துவிட்டு, மரத்தைப் பிளக்க இன்னொரு ஆளோடு வருவதாகச் சொல்லிக் காத்தான் போனான். பனி விலக ஆரம்பித்தது. முதலில் வேலி தெரிந்தது, பிறகு மணல், பிறகு நுரை. அப்போதுதான் வெறுங்கூடையோடு கமலாம்பாள் வந்தாள். வேலியைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"அக்கா, பனை எங்கக்கா?"

"பாத்தா தெரியல? வெட்டியாச்சு."

கமலாம்பாள் சண்டைக்கு வரவில்லை. கூடையைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க எப்படிக்கா உள்ள வருவாங்க?"

"மீன் இருக்கிற எடத்தைத் தேடிக்கிட்டுத் திரியட்டும். கரை எங்க இருக்குன்னா தெரியாம போயிடும்?"

"மீன் கெடக்கட்டும்க்கா. நான் ஆத்துவாயைச் சொல்றேன். புயலுக்கப்புறம் ரெண்டு பக்கமும் மணத்திட்டு வளந்து வாய் ஒடுங்கிப் போச்சாம். ஒங்க பனந்தலையும் மாதா கோயில் கூரும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கிறதப் பாத்து வந்தாத்தான் வழியாம். கொஞ்சம் பிசகினாலும் திட்டுல மோதிக் கட்டுமரத்தோட கட்டு அவுந்துடுமாம். மூத்தவங்கதான் அதை மொதல்ல பாத்து இவங்களுக்குச் சொன்னாங்களாம்." கமலாம்பாள் நிமிர்ந்தாள். "ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியாது. தன் புருஷன் கண்டுபிடித்தது தன் கொல்லையில் நின்ற மரத்தை வைத்து. அது தம்பிக்குப் போய், தம்பியிடமிருந்து இவளுக்குப் போய், இவள் வாயிலிருந்து தனக்கு வருகிறது. பயம் வருவதற்கு முன்னால் நீலாயதாட்சிக்கு அந்த எரிச்சல்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. காலையில் அவனை அனுப்பியது யார் என்பதும் கூடவே வந்தது.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். பெட்டியைத் திறந்து கூறைப்புடவையை உருவினாள். சிவப்பு நன்றாகத் தெரியும். கொல்லையில் சாத்தியிருந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டாள்.

"என்னோடதையும் எடுத்தாரட்டுமாக்கா? புதுசு, இன்னும் பளிச்சுன்னு இருக்கும்."

"ஒன்னோடத நீயே வச்சிக்க. இது என் மரம் நின்ன எடம்."

கழியின் நுனியில் புடவையை முடிந்து, இடுப்பளவு நின்ற அடிமரத்தின்மேல் ஏறி நின்றாள். வெட்டின இடம் ஈரமாக இருந்தது. நார் காலில் குத்தியது. கழியைத் தூக்கினதும் வாடை புடவையைப் பிடித்து இழுத்தது. கமலாம்பாள் பின்னாலிருந்து அவள் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

நுரைக்கு அப்பால் இரண்டு கட்டுமரங்கள் தெரிந்தன. பாயை இறக்கிவிட்டு இரண்டும் அங்கேயே ஏறி இறங்கிக்கொண்டு நின்றன. அவர்களுக்கு மாதா கோயில் கூர் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் நிற்கவேண்டிய பனைதான் இல்லை. ஒன்று மெதுவாக வடக்கே நகர்ந்தது. அந்தப் பக்கம் திட்டின்மேல் அலை உடைந்து வெள்ளையாகப் புரண்டது.

"யாருக்கா அது? அவங்களா, மூத்தவங்களா? எனக்குத் தெரியலயே."

நீலாயதாட்சிக்குத் தெரிந்தது. செல்லையன் இடப்பக்கமே துடுப்புப் போடுவான். கை மாற்றும்போது ஒருமுறை தோளைக் குலுக்குவான். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள். கழியை இன்னும் உயர்த்தினாள். "இந்தாங்க, இங்க பாருங்க!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் வேலியைக்கூடத் தாண்டியிருக்காது. தோள் இற்றுப்போவதுபோல் வலித்தது. கழி சாயப் பார்த்தது. சாயவிடவில்லை.

வடக்கே போன கட்டுமரம் நின்றது. துடுப்பு ஒருமுறை மேலே உயர்ந்தது. பிறகு தெற்கே திரும்பியது. கொஞ்சம் வந்து, நின்று, அலையைப் பார்த்து, பெரிய அலை ஒன்றைத் தாண்டவிட்டு அதன் முதுகிலேயே உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே மாரிக்கண்ணு வந்தான்.

ஆற்றுக்குள் வந்து, கட்டுமரத்தை மேட்டில் ஏற்றிவிட்டு, இருவரும் மணல்மேட்டில் ஏறிவந்தார்கள். செல்லையன் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டான். வெட்டிக் கிடந்த பனையைப் பார்த்தான். அடிமரத்தின்மேல் இன்னும் இறங்காமல் நின்றவளைப் பார்த்தான்.

"ஏன் வெட்டுன?"

"கூரைக்குச் சட்டம்."

அவன் கூரையைத் திரும்பிப் பார்த்தான். கூரை நன்றாகத்தான் இருந்தது. தம்பி தோளிலிருந்து இறக்கிவைத்த கூடையைப் பார்த்தான். பனை விழுவதற்கு முன்பே பாரில் வலை விட்டுவிட்டிருக்கிறான். கூடை நிறையக் காலா.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெட்டியிருப்பேனா?" என்றாள் நீலாயதாட்சி.

"அடையாளத்தைக் கரையில பேசுறதில்ல."

"ஒங்க தம்பி பேசுறாரே."

மாரிக்கண்ணு குனிந்து கூடையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். அவிழ்க்க அதில் ஒன்றும் இல்லை. கமலாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

செல்லையன் தம்பியை ஒரு நிமிஷம் முறைத்தான். பிறகு, "இவன் சொல்லியும் மீன் எடம் மாறலயே" என்றான், யாரிடமும் இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"எறங்கு."

இறங்கினாள். அவள் கையிலிருந்து கழியை வாங்கி, அடிமரத்துக்குத் தெற்கே இரண்டு எட்டு வைத்து மணலில் ஊன்றிக் காட்டினான்.

"வெட்டுறதுக்கு முன்னாடி அதோட தலை இங்கதான் இருந்துச்சு. சாஞ்ச மரமில்ல? அடி அங்க, தலை இங்க. நீ அடிமரத்துமேல நின்னதால கொஞ்சம் வடக்கால இருந்தே. அதான் நான் தடுமாறுனேன். நாளைக்கு ஒரு பெட்டியைப் போட்டு இங்க நில்லு. வாடை அடங்கினப்புறம் ஒரு கம்பம் நட்டுக்கலாம். வெளங்குதா?"

அவ்வளவு நீளமாக அவன் அவளிடம் கடலைப் பற்றிப் பேசினதில்லை. "வெளங்குது" என்றாள்.

அந்த மார்கழியும் தையில் பாதியும் அவள் அங்கே நின்றாள். வாடை அடங்கவே இல்லை. ஊரில் மற்றவர்களும் அவளைப் பார்த்துத் துணிந்து கடலுக்குப் போக ஆரம்பித்தார்கள். "செகப்புப் புடவை நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டு தள்ளினார்கள். கூர் அவள்மேல் ஏறி நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மாரிக்கண்ணுவின் நிறைந்த கூடையும் அவளைப் பார்த்துத்தான் உள்ளே வந்தது. பனை போனால் என்ன, அவன் பாருக்குப் போகவும் இப்போது அவள் புடவைதான் அடையாளம். அவன் கட்டுமரம் வாயை நெருங்கும்போதெல்லாம் அவளுக்குக் கை ஊறும். ஒரு முழம் சாய்த்தால் போதும், திட்டில் மோதிவிடும். பின்னால் செல்லையன் வந்துகொண்டிருப்பான். கழியை நேராகப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் கமலாம்பாள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்வளவு நேரமாத்தான் நிப்பீங்க, கை வலிக்காது? செத்த நேரம் நான் புடிக்கிறேன்க்கா. எனக்கும் அடையாளம் தெரியுமில்ல?"

நீலாயதாட்சி கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ போயி மீனுக்கு வெல பேசு. இங்க நான் நின்னாத்தான் சரியா இருக்கும்."

கமலாம்பாளின் கை கழியை நோக்கி நீண்டது. நீலாயதாட்சி கழியை மறுபக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.