பாதி வில்

கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு அவள் வலது கையைத் தூக்கினாள். காது மட்டம்வரைகூட வரவில்லை. தோளுக்குள் யாரோ திருகாணியை முறுக்குகிற மாதிரி வலி. ஒத்திகைக் கூடத்துக் குளியலறையின் கதவு தடதடத்தது.

"அண்ணி! உள்ள குடித்தனமே ஆரம்பிச்சுட்டீங்களா? சிடுமூஞ்சி வந்தாச்சு!"

கொழுந்தன். வயலின் வரிசையில் அவள் முதல் நாற்காலி, ஒட்டினாற்போல் இவன் இரண்டாவது. அவள் எழுந்தால் அந்த இடம் இவனுக்குத்தான். குழுவுக்குப் புதிதாக வந்த இசை நடத்துநருக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் சிடுமூஞ்சி. இன்றைய ஒத்திகையைப் பார்த்துவிட்டுத்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழிப்பது என்று அவர் முடிவு செய்யப்போகிறார்.

"வரேன். கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டவன் மாதிரி குதிக்காதே!"

மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு ஓடினாள்.

எந்தச் சுரத்துக்கு வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று இசைத்தாளில் பென்சிலால் குறிப்பது முதல் நாற்காலியின் வேலை. பின்னாலிருக்கும் மொத்த வரிசையும் அதையே பிடிக்கும். வில்லை நுனிவரை இழுத்தால் கை நீள வேண்டும். நீண்டால் தோள் அலறும். அதனால் அவள் ஒரு கள்ளத்தனம் செய்திருந்தாள். நீண்ட இழுப்புகளையெல்லாம் இரண்டு மூன்றாக உடைத்து, வில்லின் பாதியிலேயே முடிகிற மாதிரி மாற்றி எழுதிவிட்டாள்.

பின் வரிசையில் புகைச்சல். "அக்காவுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம்? மீதிப் பாதி வில்லைப் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வச்சிருக்காங்களோ?"

கொழுந்தன் மட்டும் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்துவிட்டான். சமயம் பார்க்கிறான்.

வாசிப்பு சூடு பிடிக்கும்போது சிடுமூஞ்சி குச்சியால் மேசையைத் தட்டினார்.

"என்னம்மா இது? நீளமான சுரத்தைக் கீரை மாதிரி நறுக்கி வச்சிருக்கீங்க? ஒரே இழுப்பு, நுனி வரைக்கும். நீங்க மட்டும் வாசிங்க, கேட்போம்."

அவள் இழுத்தாள். பாதி தாண்டியது. முக்கால் வரும்போது தோள் பூட்டிக்கொண்டது. கம்பி கிறீச்சிட்டது, வில் நழுவி மடியில் விழுந்தது.

சிடுமூஞ்சி குச்சியைக் கொழுந்தன் பக்கம் நீட்டினார்.

"நீ வாசிப்பா," என்றார். "அதே இடம்."

தொலைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொழுந்தன் எழுந்தான். வயலினை எடுக்கவேயில்லை. "மாட்டேன் சார்."

"என்னது?"

"அண்ணி குறிச்சதுதான் சரி. உடைச்சு வாசிச்சாத்தான் பாட்டுல ஒரு பதைபதைப்பு வருது. நான் அப்படித்தான் வாசிப்பேன்."

சிடுமூஞ்சி இருவரையும் மாறி மாறி முறைத்தார். "குடும்பமா சேர்ந்து கட்சி கட்டறீங்களா? டீ குடிச்சுட்டு வாங்க. வந்து ஒவ்வொருத்தரா முழு வில் வாசிச்சுக் காட்டணும். இல்லேன்னா ரெண்டு நாற்காலியும் காலி!"

நடைக்கு வந்ததும் அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது.

"உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே தம்பி! தானா வந்து விழுந்த நாற்காலியை எனக்காக உதறிட்டியே!"

"உங்களுக்காகவா?"

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளைத் தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மெதுவா பேசுங்க அண்ணி. நீங்க குறிப்பை மாத்துற வரைக்கும் வலிக்கு ஊசி போட்டுக்கிட்டுத்தான் ஓட்டினேன். பாதி வில்லுன்னு ஆனதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. எப்ப பழையபடி மாத்திடுவீங்களோன்னு தினம் தினம் செத்துப் பிழைக்கிறேன்."

"என்னடா உளர்றே?"

அவன் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். நெஞ்சு மட்டத்திலேயே அது நின்றுவிட்டது.

"மாடிப்படியில விழுந்ததுலேருந்து இவ்வளவுதான் அண்ணி வருது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது."