மேனேஜரின் தாகம்

மேனேஜர் மறுபடியும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கூண்டுக் கம்பியில் மாட்டிய பாட்டிலின் குழாயை நாக்கால் தட்டும் சத்தம், தையல் மெஷினையும் தாண்டி அவள் காதில் விழுந்தது. காலையில் நிரப்பியது மதியத்துக்குள் காலி. அடியில் போட்ட வைக்கோல் தொப்பலாக நனைந்து நாறியது.

மேனேஜர் ஒரு முயல். "ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைச்சுப் பார்க்குது பாரு, எங்க மேனேஜர் மாதிரியே" என்று அவள் புருஷன் வைத்த பெயர். சிப்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். போன மழைக்காலத்தில், வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து மகள் வாய் திறப்பது முயலிடம் மட்டும்தான். அம்மாவுக்கு வெறும் தலையாட்டல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூண்டருகே சப்பணம் போட்டு உட்கார்ந்து, குசுகுசுவென்று என்னென்னவோ சொல்வாள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே இவள் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்.

இந்த முயலும் போய்விட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

மிருக டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார்.

"சர்க்கரை இல்ல. பல்லும் நல்லாத்தான் இருக்கு. கிட்னியோன்னு சந்தேகமா இருக்கு. ரிப்போர்ட் வரட்டும். கிட்னி கெட்டிருந்தா பெருசா ஒண்ணும் பண்ண முடியாதும்மா." பிறகு கேட்டார். "கூண்டுல வேற என்ன இருக்கு?"

"வைக்கோலும் தண்ணி பாட்டிலும்தாங்க."

"உப்பு பிஸ்கட், சிப்ஸ்னு யாராச்சும் குடுக்கறீங்களா?"

"எங்க வீட்ல இப்ப சிப்ஸே வாங்கறதில்லீங்க."

மறுநாள் அவள் தம்பி வந்து கூண்டை எட்டிப் பார்த்தான். "குடிக்குது, பெய்யுது, திரும்பக் குடிக்குது. இது முயலா, குழாயா? பேசாம பாட்டில எடுத்துடுக்கா. இல்லாதத எப்படிக் குடிக்கும்?"

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். டாக்டர் கைவிரித்தது போலப் பேசியதிலிருந்து அவளுக்குப் புத்தியே ஓடவில்லை. பாட்டிலைக் கழற்றிவிட்டாள்.

மேனேஜர் குழாய் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது. பிறகு தள்ளாடி மூலைக்குப் போய், அங்கே கிடந்த ஏப்ரனை நக்க ஆரம்பித்தது.

அவள் புருஷன் வேலையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அதை யாரும் துவைக்கவில்லை. துவைத்தால் அவன் வாசனை போய்விடும். போன மாதம் முயல் இரை எடுக்காமல் கிடந்தபோது மகள்தான் அதை எடுத்துக் கூண்டில் போட்டாள். அன்றைக்கே முயல் சாப்பிட்டது.

"நீயும் அவரைத் தேடுறியா?" என்று இவள் முயலிடம் கேட்டாள். கையை விட்டு ஏப்ரனை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள்.

உதடு கரித்தது.

கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. பாக்கெட் ஓரத்தில் நாக்கு நுனியை வைத்தாள். பச்சை உப்பு. அவன் நின்று வேலை பார்த்தது, வறுத்த சிப்ஸுக்கு உப்புத் தூவும் இடத்தில். "வாசல்லயே உதறிட்டு வாங்க" என்று தினமும் அவனைத் திட்டியவள் இவள்தான்.

பாட்டிலைத் திரும்ப மாட்டிவிட்டு டாக்டருக்குப் போன் செய்து ஏப்ரனைப் பற்றிச் சொன்னாள்.

"அத உடனே எடுங்க. தண்ணிய மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க" என்றார் அவர். "ரத்தத்துல உப்பு ஏகத்துக்கு இருக்கு. எங்கேர்ந்துன்னு நானும் மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தேன். கிட்னி தப்பிச்சுதான்னு போகப் போகத்தான் தெரியும். ஏம்மா, கேட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அது ஒரு துணின்னே எனக்குத் தோணலைங்க."

மகள் வந்தபோது அவள் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஏப்ரனை அதில் போட மனம் வராமல் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மகள் ஏப்ரனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கூண்டில் குழாயை விடாமல் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மகள் கூண்டைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள்.

"பாக்கெட்ட மட்டும் வெட்டிக் குடும்மா."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மகள் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு. இவள் கத்தரியை எடுத்தாள். பாக்கெட்டை வெட்டாமல், தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து முழுசாக எடுத்தாள். அது துவைக்காமல் அப்படியே மூடி போட்ட டப்பாவுக்குள் போயிற்று. மீதியை மகளே தண்ணீரில் அமுக்கினாள். தண்ணீர் கலங்கியது.

அதன் பிறகும் பாட்டில் சில நாள் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. நிரப்புவதை மகளிடம் விட்டுவிட்டு இவள் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள், பார்க்கப் பயம்.

ஒரு மாலை, பை கூட இறக்காமல் கூண்டுப் பக்கம் போன மகள் அங்கிருந்தே சொன்னாள். "அம்மா, பாட்டில்ல பாதிக்கு மேல தண்ணி இருக்கு."

அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்ன சொன்ன?"