முப்பத்தெட்டு ஓட்டு

ஒரே வாரத்தில் என் கணவர் பதினொரு முறை "தமிழ்மொழி சொன்னாங்க" என்றார். நான் எண்ணி வைத்திருக்கிறேன். பெரம்பலூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள் நான். பாடாலூரிலிருந்து கல்யாணமாகி ஜெயங்கொண்டம் பக்கம் வந்த பிறகு அந்தப் படிப்புக்குக் கிடைத்த பெரிய வேலை அதுதான்.

"தமிழ்மொழி சொன்னாங்க, போன தடவை நம்ம வார்டுல ஆளுங்கட்சிக்கு விழுந்தது ரெண்டாயிரத்து நூறு ஓட்டுதானாம். எதிர்த்து நின்ன மூணு கட்சிக்கும் சேர்த்து மூவாயிரத்து எழுநூறு. வேண்டாம்னு சொன்னவங்கதான் அதிகம். ஆனா அவரு அஞ்சு வருசம் கவுன்சிலரா உக்காந்திருந்தாரு. இது என்ன நியாயம் சுதா?"

"இதைத்தான் போன தடவை எண்ணி முடிச்ச அன்னைக்கே நான் சொன்னேன்."

"நீ சொன்னியா?"

நான் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தேன். எனக்குப் பதிலாக அது சீறியது.

பிரசாத்துக்கு ஜெயங்கொண்டத்தில் மோட்டார் கடை. ஊஞ்சல் கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. இந்த முறை ஒன்றியக் கவுன்சிலராக நின்றே தீர்வது என்று இருந்தார். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே கட்சிக்காரர்கள் என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பெயர் என்னுடையது, நாற்காலி அவருடையது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விசிறிக் கட்சியில் தமிழ்மொழி. அடுத்த ஊர்க்காரி. அரியலூர் கோர்ட்டில் வக்கீல். முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. கூடைக் கட்சியில் செங்கமலம் அக்கா, பழைய ஊராட்சித் தலைவர், வாயைத் திறந்தால் மண்டபமே சிரிக்கும். மூன்று கட்சிக்கும் ஒரே வேட்பாளர் என்று முடிவானது. அது யார் என்பதில்தான் மூன்று கூட்டம் உடைந்தது. நான்காவது கூட்டத்தில் தமிழ்மொழி ஒரு வழி சொன்னாளாம்.

"தமிழ்மொழி சொன்னாங்க, கட்சிக்கு நாப்பது பேரு. நூத்தியிருபது சீட்டு. ரொம்பப் பிடிச்சவருக்கு ஒண்ணு, அடுத்தவருக்கு ரெண்டு, கடைசிக்கு மூணுன்னு எழுதணும். யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா, குறைச்சலா வாங்கினவரை விலக்கிட்டு, அவரோட சீட்டுல ரெண்டு யாருக்குன்னு பார்த்துச் சேர்க்கணும். நாடு முழுக்க இப்படி ஓட்டுப்போட வைக்கணும்னு தமிழ்மொழி கையெழுத்து இயக்கமே நடத்துறாங்க. மூணு கட்சியும் இங்க நடத்திக் காட்டினா, மேல உள்ளவங்க காதுலயும் விழும்."

பன்னிரண்டு.

அதன் பிறகு ஊர் ஊராக விளக்கப் போனார்கள். செங்கமலம் அக்காவின் ஆம்னி வேனில் அக்கா முன்னால், இவர்கள் இருவரும் பின்னால். ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. தமிழ்மொழி இறங்கி வந்தாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. பேசினால் நின்று கேட்கத் தோன்றும் குரல்.

"அக்கா, தோழர் வரலையா?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டியிலிருந்து செங்கமலம் அக்கா கத்தினார். "ஏண்டி, அவளை அக்காங்குற, அவனைத் தோழருங்குற. முறை இடிக்குதேடி. மாமான்னு கூப்புடு, இல்ல அவளையும் தோழருன்னு கூப்புடு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய், அவருக்காக எடுத்து வைத்திருந்த சலவைச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, காலர் நைந்த சட்டையைக் கொடுத்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டதில்லை.

அவர் என்னை விட்டுப் போய்விடுவார் என்று நான் பயப்படவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் பயந்தது அந்த ஒரு சீட்டுக்காக. அதில் அவர் யாருக்கு ஒன்று போடுவார்? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

நானும் வேலை பார்த்தேன். எங்கள் மகளிர் குழுப் பெண்களில் பலர் எங்கள் கட்சியின் அந்த நாற்பது பேரில் இருந்தார்கள். வீடு வீடாகப் போனேன்.

"ஒண்ணு எனக்குப் போட்டுடுங்க. ரெண்டு செங்கமலம் அக்காவுக்கு. அந்த வக்கீலுக்குக் கடைசியாப் போட்டாப் போதும்."

முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அது சரி. அந்தத் தெருப் புள்ளைக்கு நாம எப்புடிப் போடுறது?"

என் மனசில் அது இல்லை. என் மனசில் இருந்தது வேறு எரிச்சல். ஆனால் "அதுக்காகச் சொல்லலை" என்று நான் சொல்லவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஓட்டு நடந்தது. பெட்டிக்குப் பதில் சமையல் அண்டா. வாயில் வேட்டி கட்டி நடுவில் ஒரு கிழிசல். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தலைவி தேர்தலில் நிற்கிறவள் தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்ள மாட்டாள். அது வெட்கக்கேடு. அந்தப் பழக்கத்தில் நான் செங்கமலம் அக்காவுக்கு ஒன்று போட்டேன். எனக்கு இரண்டு. தமிழ்மொழிக்கு மூன்று. அந்த மூன்றை இரண்டு தடவை அழுத்தி எழுதினேன்.

செங்கமலம் அக்கா சீட்டைப் போட்டுவிட்டு வந்து, "எனக்கு நானே போட்டுக்கிட்டேன். என் புருசனை நம்ப முடியாது," என்றார். கூடம் அதிர்ந்தது. பிரசாத் மட்டும் சிரிக்கவில்லை.

எண்ணினார்கள். செங்கமலம் நாற்பத்தொன்று. தமிழ்மொழி நாற்பத்தொன்று. ஜெயசுதாவாகிய எனக்கு முப்பத்தெட்டு.

என் தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. அவரவர் கட்சி அவரவருக்கு, நாற்பது, நாற்பது. செங்கமலம் அக்காவுக்குக் கூடுதலாக விழுந்த ஒன்று என்னுடையது. தமிழ்மொழிக்குக் கூடுதலாக விழுந்த ஒன்று எங்களில் வேறு யாரோ ஒருவருடையது. எங்கள் கட்சியின் மற்ற முப்பத்தொன்பது பேர் முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விலக்கப்பட்டேன். என் முப்பத்தெட்டுச் சீட்டில் இரண்டு யாருக்கு என்று பார்த்தார்கள். தமிழ்மொழிக்கு இருபத்திரண்டு, செங்கமலத்துக்குப் பதினாறு. அறுபத்து மூன்றுக்கு ஐம்பத்தேழு. தமிழ்மொழி பொது வேட்பாளர். செங்கமலம் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "ஆம்னிக்கு பெட்ரோலு நீ போடு இனிமே," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை வலிக்கும்வரை.

வீட்டுக்குப் போகிற வழியில், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி முந்திரிக் காடு தொடங்கும் இடத்தில், "வண்டியை நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார்.

"நீங்கதானே?"

அவர் மழுப்பவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமா," என்றார்.

அது நானே போட்டு விடை கண்ட கணக்குதான். இருந்தும் அவர் வாயால் கேட்டதும் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன்.

"அவ்வளவு பிடிச்சிருக்கா அவங்களை?"

"சுதா, அது இல்ல. நீ ஜெயிச்சா என்ன நடக்கும்? கையெழுத்து நீ போடுவே. மத்ததெல்லாம் நான் பார்ப்பேன். ஊரே அதைத்தான் எதிர்பார்க்குது. பொம்பளைங்க வார்டுல ஆம்பளை உக்காந்துருக்க அசிங்கத்தைப் பத்தி அவங்க அன்னைக்குப் பேசினாங்க. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அவங்கன்னா அவங்களே உக்காருவாங்க."

"நானும் உக்காருவேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மெதுவாக, "நீ உனக்குப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் எனக்கே போட்டிருந்தால் நாற்பது, நாற்பது, நாற்பது. எங்கள் ஒரே வீட்டிலிருந்து ஆளுக்கொரு கட்சிக்கு ஒரு ஓட்டைத் தானம் பண்ணியிருந்தோம்.

மீதி வழி முழுக்க நான் அவர் தோளைப் பிடிக்காமல் உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் காலை தமிழ்மொழி தனியாக வந்தாள். கையில் வேட்புமனு.

"அக்கா, முன்மொழிய ஒருத்தர் கையெழுத்து வேணும். தோழரைப் போடச் சொல்லலாம்னாங்க. நீங்க போட்டாத்தான் சரியா இருக்கும்னு நான் சொல்லிட்டேன்."

"எனக்கு உங்களைப் பிடிக்கலை," என்றேன். அப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

"தெரியும்க்கா. சீட்டு எண்ணுறப்ப ஒரு மூணு பேப்பரையே கிழிச்சிருந்துச்சு."

அடக்க முடியாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "செங்கமலம் அக்காவுக்கு ரெண்டு போட்ட அந்தப் பதினாறு பேருகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அதுல சில பேரு வேற காரணத்துக்காகத் தலையாட்டுனாங்க. நீங்க இருக்க தெருவைச் சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டு வாய மூடிட்டு வந்தேன்."

அவள் முகம் மாறியது. மனுவின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"அந்த வூடுகளுக்கு நான் போனா கதவு திறக்கும்க்கா. காது திறக்காது," என்றாள்.

"நான் போறேன். நான் சொன்னதை நானே போய்த் திருப்பி எடுக்கணும். ஆனா ஒண்ணு. எங்க கட்சி சார்புல மேடையில நான் பேசுவேன். அவரு இல்ல. உங்களைப் பத்தி மட்டும் இல்ல, ஒண்ணு ரெண்டு மூணு கணக்கையும் நான்தான் சொல்லுவேன். உங்களைவிட எனக்கு அது நல்லா வரும்."

"தோழரைவிடவும் நல்லா வரும்," என்றாள் அவள். "அவரு ஒவ்வொரு ஊர்லயும் கூட்டலைத் தப்பாப் போட்டாரு."

கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் அழுத்தமாகவே.

சாயங்காலம் முதல் கூட்டம். ஆம்னி வாசலில் ஹார்ன் அடித்தது. பிரசாத் கூடத்தில் எங்கள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார், கோணலாக வந்திருந்தது.

"சுதா, அடுத்த தடவை சத்தியமா உனக்குத்தான் ஒண்ணு," என்றார்.

"அதை நான் கேக்கலை. அடுத்த தடவை நான் பேசுறதைக் கேட்டுட்டுப் போடுங்க."

வேனில் பின்சீட்டில் தமிழ்மொழி நகர்ந்து இடம் விட்டாள். அவள் புடவை இன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பச்சையம்மாள் தெருவிலேயே முதல் மேடை. மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் பச்சையம்மாள். கூட்டத்தின் கடைசியில் ஒரு பைக் வந்து நின்றது. மகளை டேங்கில் உட்கார வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, பிரசாத் தலையைச் சாய்த்தார்.

"போன வாரம் நான் உங்க வூடுகளுக்கு வந்து ஒண்ணு சொன்னேன்," என்று தொடங்கினேன். "அது தப்பு."